வேலுத்தம்பியின் வாள்

150 வருஷம் ஒரு குடும்பம் காப்பாற்றி வைத்த கதை

திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் என்ற பழைய பொருட்காட்சி சாலை இருக்கிறது. 2010-ம் ஆண்டு ஜுன் மாதம் அங்கே ஒரு வாள் வந்து சேர்ந்தது. டெல்லியில் இருந்து வந்த வாள் அது.

மியூசியத்தில் வாள் இருப்பது அதிசயம் அல்ல. ராஜாக்களின் வாள்கள் எத்தனையோ ஊர்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஆனால் இது ராஜாவின் வாள் அல்ல. ஒரு மந்திரியின் வாள். அந்த மந்திரி கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துப் போர் தொடுத்தவர். தோற்றுப்போய், காட்டு வழியாகத் தப்பிச் செல்லும்போது, ஒரு குடும்பத்தாரிடம் இந்த வாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் திரும்பி வரவே இல்லை.

அவர்தான் வேலுத்தம்பி தளவாய்.

வாளை வாங்கிக்கொண்ட குடும்பம் அதைத் தூக்கி எறியவில்லை. விற்கவும் இல்லை. சர்க்காரிடம் கொண்டுபோய்க் கொடுத்து நல்ல பேர் வாங்கவும் இல்லை. பாட்டன் காலம் போய், பேரன் காலம் போய், அவனுக்கும் பேரன் காலம் வரையில் பத்திரமாக வைத்திருந்தது. ஏன்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வேலுத்தம்பியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலக்குளத்துப் பிள்ளை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் தாலுகா. அதில் இரணியலுக்குப் பக்கத்தில் தலக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் 1765-ம் ஆண்டு மே மாதம் 6-ந்தேதி வேலுத்தம்பி பிறந்தார். அவருடைய பெயர் வேலாயுதன். செண்பகராமன் என்பது குடும்பத்துக்குக் கிடைத்த பட்டம். திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா கொடுத்த பட்டம் அது. பெயரும் பட்டமும் சேர்ந்து நீளமாக இருந்ததால் ஜனங்கள் சுருக்கமாக வேலுத்தம்பி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பத்மநாபபுரம்தான் ராஜாவின் தலைநகரம். தலக்குளத்தில் இருந்து பத்மநாபபுரம் கோட்டை தூரம் இல்லை. அதற்கு அருகிலேயே உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் நடந்த சண்டையில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அப்போது பிடிபட்ட டிலனாய் என்ற தளபதி, மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை அவர் பொறுப்பில் நடந்தது. சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தவரும் அவரே. வேலுத்தம்பி சிறுவனாக இருந்தபோது இந்தக் கோட்டைகளும் பட்டாளமும் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் காட்சிகள்.

வேலுத்தம்பி வளர்ந்து பெரியவர் ஆனதும் சர்க்கார் வேலையில் சேர்ந்தார். மாவேலிக்கரையில் காரியக்காரர் ஆனார். காரியக்காரர் என்றால் இன்றைய தாசில்தார் மாதிரி.

16 வயது மகாராஜா

1798-ம் ஆண்டு திருவிதாங்கூரில் பழைய மகாராஜா இறந்தார். அவர் 40 வருஷம் ஆண்டவர். தர்ம ராஜா என்று பெயர் எடுத்தவர். அவருக்குப் பிறகு பாலராம வர்மா பட்டத்துக்கு வந்தார். அவருக்கு வயது 16!

பழைய மகாராஜாவிடம் திவானாக இருந்தவர் ராஜா கேசவதாஸ். அவரும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்தான். விளவங்கோடு பக்கம் பிறந்தவர். ஆலப்புழைத் துறைமுகத்தை உண்டாக்கியவர் அவரே. புது மகாராஜாவைச் சுற்றி இருந்தவர்களுக்குக் கேசவதாசைப் பிடிக்கவில்லை. அவர் பதவி பறிபோனது. 1799-ல் அவர் இறந்தார்.

அதற்குப் பிறகு 3 பேர் கையில் நாடு சிக்கியது. ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி பெரிய அதிகாரி ஆனார். சங்கரநாராயணன் செட்டி கணக்கும் பணமும் பார்த்தார். தச்சில் மாத்து தரகன் என்ற பெரிய வியாபாரி மூன்றாவது ஆள்.

கஜானா காலியாக இருந்தது. பணம் வேண்டும். என்ன செய்வது? அவர்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். நாட்டில் யார் யாரிடம் பணம் இருக்கிறது என்று ஜாபிதா தயாரித்தார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு தொகையை எழுதினார்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு, பணத்தைக் கட்டச் சொன்னார்கள். கட்டாதவர்களுக்குச் சவுக்கடி!

அந்த ஜாபிதாவில் வேலுத்தம்பியின் பெயரும் இருந்தது.

3 நாள் தவணை

வேலுத்தம்பி திருவனந்தபுரத்துக்கு வரவழைக்கப்பட்டார். ஒரு பெரிய தொகையைச் சொல்லி, உடனே கட்டும்படி உத்தரவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. கையில் பணம் இல்லை என்றும், 3 நாள் தவணை வேண்டும் என்றும் கேட்டார். சரி என்று விட்டுவிட்டார்கள்.

அது அவர்கள் செய்த பெரிய தப்பு!

வேலுத்தம்பி பணம் சேர்க்கப் போகவில்லை. ஆள் சேர்க்கப் போனார். நேராக நாஞ்சில் நாட்டுக்கு வந்தார். நாஞ்சில் நாடு வயலும் குளமும் நிறைந்த பூமி. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். வரி என்றால் முதலில் கை வைப்பது இந்த ஊர்களில்தான். அதனால் அநியாய வரியை எதிர்ப்பதும் இந்த ஊர்களில் பழைய வழக்கம். ஊர்த் தலைவர்கள் எல்லாரும் ஒன்று கூடிப் பேசுவார்கள். அதற்கு நாட்டுக் கூட்டம் என்று பெயர்.

வேலுத்தம்பி கூப்பிட்டதும் ஜனங்கள் திரண்டார்கள். பெரும் கூட்டம் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டது. கோட்டைக்கு வெளியே போய் நின்றது. அந்த 3 பேரையும் விலக்கினால் ஒழியத் திரும்பிப் போக மாட்டோம் என்று மகாராஜாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

இளம் மகாராஜா பயந்துபோனார். நம்பூதிரியை நாடு கடத்தினார். செட்டியையும் தரகனையும் கூட்டத்தின் முன்னால் சவுக்கால் அடித்தார்கள். அவர்களுடைய காதுகளை அறுத்தார்கள். பிறகு சிறையில் அடைத்தார்கள்.

இது நடந்தது 1799-ல். அதே வருஷத்தில்தான் திருநெல்வேலிச் சீமையில் வீரபாண்டிய கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீரன் சாய்ந்த நேரத்தில், இந்தப் பக்கம் இன்னொருவர் எழுந்தார்.

கண்டிப்பான தளவாய்

கலகத்துக்குப் பிறகு வேலுத்தம்பிக்கு வியாபார மந்திரி பதவி கிடைத்தது. பிறகு, 1802 வாக்கில், நாட்டின் தலைமை மந்திரி ஆனார். தளவாய் என்பது அந்தப் பதவியின் பழைய பெயர். திவான் என்றும் சொல்வார்கள்.

அவர் நிர்வாகம் எப்படி இருந்தது?

கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு! அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கவில்லை. ஊர் ஊராகப் போனார். கணக்குப் புத்தகங்களைத் தாமே புரட்டிப் பார்த்தார். வழக்கு வந்தால் அந்த இடத்திலேயே விசாரித்தார். அந்த இடத்திலேயே தண்டனை கொடுத்தார். லஞ்சம் வாங்கிய உத்தியோகஸ்தர்கள் நடுங்கினார்கள். திருடர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். வரிப்பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

ரோடுகளும் சந்தைகளும் வந்தன. சங்கனாச்சேரியில் இன்றும் பெரிய சந்தை இருக்கிறது. 1805-ல் அதை ஏற்படுத்தியவர் வேலுத்தம்பி. கொல்லம், ஆலப்புழை ஊர்களின் வியாபாரத்தையும் வளர்த்தார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் கொடுத்த தண்டனைகள் கொடுமையானவை. மூக்கை அறுப்பது, காதை அறுப்பது, மரத்தில் வைத்து ஆணி அடிப்பது! அந்தக் காலத்தில் பல நாடுகளில் இப்படி நடந்தது உண்மைதான். என்றாலும் அன்றைக்கே பலர் அவரை வெறுத்தார்கள். அரண்மனைக்குள்ளேயே அவருக்குப் பகைவர்கள் இருந்தார்கள்.

கம்பெனியின் துணை

பகைவர்களில் முக்கியமானவர் குஞ்சுநீலம் பிள்ளை. அவர் மகாராஜாவின் மனதைக் கெடுத்தார். வேலுத்தம்பியைப் பிடித்துக் கொல்லும்படி உத்தரவு தயார் ஆனது. வேலுத்தம்பி அப்போது ஆலப்புழையில் இருந்தார். விஷயம் காதுக்கு எட்டியது. உடனே கொச்சிக்குப் போனார்.

கொச்சியில் அவர் யாரைப் பார்த்தார் தெரியுமா? கர்னல் மெக்காலே என்ற வெள்ளைக்காரரை! அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதி. ரெசிடெண்ட் என்று சொல்வார்கள். மெக்காலே தலையிட்டார். சூழ்ச்சி செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. வேலுத்தம்பியின் உயிர் தப்பியது. பதவியும் தப்பியது.

1804-ல் இன்னொரு ஆபத்து வந்தது. செலவைக் குறைப்பதற்காகச் சிப்பாய்களின் படியை வேலுத்தம்பி குறைத்தார். பட்டாளம் கலகம் செய்தது. அவரைக் கொல்லவேண்டும் என்று கூச்சல் போட்டது. அப்போதும் கம்பெனிப் பட்டாளத்தின் துணையோடுதான் கலகத்தை அடக்கினார்.

2 தடவை உதவி செய்த கம்பெனி சும்மா இருக்குமா? கூலி கேட்டது!

1805-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந்தேதி ஓர் உடன்படிக்கை கையெழுத்து ஆனது. அதன்படி திருவிதாங்கூர், கம்பெனிப் பட்டாளத்தின் செலவுக்காக வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டும். நிர்வாகத்தில் கம்பெனியின் யோசனையைக் கேட்கவேண்டும். அந்தக் காலத்து 8 லட்சம் லேசான தொகை அல்ல. இந்த உடன்படிக்கைக்கு ஒத்துப்போனவர் வேலுத்தம்பி. அவர் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை இதுதான் என்று சொல்லலாம்.

நண்பர் பகைவர் ஆனார்

பணம் கட்ட முடியவில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போனது. மெக்காலே கெடுபிடி செய்தார். கடிதத்துக்கு மேல் கடிதம். பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் செலவைக் குறை என்று நெருக்கினார். உள்நாட்டு வழக்குகளிலும் மூக்கை நுழைத்தார். திவான் யார், ராஜா யார் என்று தெரியாத நிலைமை வந்தது.

வேலுத்தம்பிக்கு அப்போதுதான் கண் திறந்தது. கம்பெனியின் துணை என்பது துணை அல்ல, தூண்டில் என்று கண்டுகொண்டார். தூண்டிலைத் தம் கையாலேயே நாட்டின் வாயில் மாட்டிவிட்டோமே என்று அவர் மனம் கொதித்தது. கடைசியில் அவர் பதவியை விட்டு விலகி, திருவிதாங்கூரை விட்டே போகவேண்டும் என்றார் மெக்காலே. வடக்கே மலபாரில் போய் இருந்தால் பென்ஷன் தருவதாகவும் சொன்னார்.

வேலுத்தம்பி சம்மதிப்பதுபோல் காட்டிக்கொண்டார். உள்ளுக்குள் போருக்குத் தயார் ஆனார். கொச்சி ராஜ்யத்தின் மந்திரி பாலியத்து அச்சன். அவருக்கும் மெக்காலே மீது கோபம். இருவரும் ரகசியமாகக் கை கோத்தார்கள்.

நள்ளிரவுத் தாக்குதல்

1808-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசி. கொச்சியில் தீவு ஒன்றில் மெக்காலேயின் பங்களா இருந்தது. நள்ளிரவில் இருவருடைய ஆட்களும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கதவுகள் உடைந்தன. வீடு முழுவதும் தேடினார்கள். மெக்காலே அகப்படவில்லை! ஒளிந்திருந்து, பிறகு ஒரு கப்பலுக்குத் தப்பிப் போய்விட்டார்.

அவர் தப்பிய அன்றே போரின் முடிவு பாதி தெரிந்துவிட்டது எனலாம். அவர் கப்பலில் இருந்தபடியே நாலு பக்கமும் பட்டாளத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

1809 ஜனவரி 11-ந்தேதி, கொல்லத்துக்குப் பக்கத்தில் குண்டறை என்ற ஊரில் வேலுத்தம்பி ஓர் அறிக்கை வெளியிட்டார். சரித்திரத்தில் குண்டறை விளம்பரம் என்று பேர் பெற்ற அறிக்கை. கம்பெனிக்காரர்கள் நாட்டைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று அதில் விளக்கினார். உப்பு அவர்கள் கைக்குப் போய்விடும், நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரி போடுவார்கள், தென்னைக்கும் வரி போடுவார்கள் என்று எச்சரித்தார். கோவில்களும் பழைய வழக்கங்களும் அழிந்துபோகும் என்றும் சொன்னார். அதைக் கேட்டு ஜனங்கள் ஆயிரக் கணக்கில் ஆயுதம் தூக்கினார்கள்.

இந்தப் போரில் ஒரு கறையும் உண்டு. கம்பெனிச் சிப்பாய்கள் சுமார் 30 பேர், ஒரு டாக்டருடன், ஆலப்புழையில் கரை இறங்கினார்கள். போர் மூண்டது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். கம்பெனி இதை மறக்கவே இல்லை.

ஆரல்வாய்மொழி விழுந்தது

ஜனவரி 15-ந்தேதி கொல்லத்தில் பெரிய சண்டை. கம்பெனியின் பீரங்கிக்கு முன்னால் திருவிதாங்கூர்ப் படை நிற்க முடியவில்லை. பின்வாங்கியது.

தெற்கே இன்னொரு ஆபத்து வந்துகொண்டிருந்தது. கர்னல் செயிண்ட் லெஜர் என்பவர் தலைமையில் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து ஒரு பட்டாளம் புறப்பட்டது. நாஞ்சில் நாட்டுக்குக் கிழக்கு வாசல் ஆரல்வாய்மொழிக் கணவாய். 2 பக்கமும் மலை. நடுவே காற்று சீறும் வழி. இப்போது காற்றாலைகள் வரிசையாகச் சுழலுகிற இடம் அதுதான். அந்த நாளில் மலைக்கு மலை மதில் கட்டிப் பீரங்கிகளை வைத்திருந்தார்கள்.

நேராக மோதினால் ஆள் சேதம் ஆகும் என்று கம்பெனிக்காரர்கள் கண்டார்கள். மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு சிறு படையோடு இருட்டில் தெற்கு மலை மீது ஏறினார். பாறையும் முள்ளும் நிறைந்த மலை. அந்த வழியாக யாரும் வர முடியாது என்று காவல்காரர்கள் நினைத்திருந்தார்கள். விடிவதற்குள் எதிரி அவர்கள் தலைக்கு மேலே நின்றான்! பிப்ரவரி 10-ந்தேதி ஆரல்வாய்மொழி விழுந்தது.

கதவு உடைந்த பிறகு வீட்டைக் காப்பது எப்படி? சில நாட்களில் பட்டாளம் நாஞ்சில் நாட்டைக் கடந்தது. டிலனாய் காலத்தில் பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டை, அதன் பக்கத்துப் பத்மநாபபுரம் கோட்டை, இரண்டும் சண்டை இல்லாமலே கம்பெனி வசம் ஆயின. பிறகு பட்டாளம் திருவனந்தபுரத்தின் ஓரம் பாப்பனங்கோட்டில் வந்து கூடாரம் அடித்தது.

பாலியத்து அச்சனும் கம்பெனியோடு சமாதானம் பேசிவிட்டார். வேலுத்தம்பி தனி ஆள் ஆனார்.

பழியைத் தாமே ஏற்றார்

இந்த நேரத்தில் வேலுத்தம்பி செய்த காரியம்தான் அவர் பெயரை நிலைக்க வைத்தது.

அவர் திருவனந்தபுரம் போய் மகாராஜாவைக் கண்டார். நடந்தது எல்லாவற்றுக்கும் தாமே காரணம் என்று கம்பெனிக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். பழி தம் தலையோடு போகட்டும், சமஸ்தானம் பிழைக்கட்டும் என்பது அவர் எண்ணம். பிறகு தலைநகரை விட்டுப் புறப்பட்டார். கூடவே அவருடைய தம்பி பத்மநாபன் தம்பியும் சென்றார்.

மகாராஜா அப்படியே செய்தார். உம்மிணித்தம்பி என்பவரைப் புதிய திவானாக நியமித்தார். வேலுத்தம்பியைப் பிடிக்க நாலு திசையிலும் ஆட்கள் புறப்பட்டார்கள். பிடித்துக் கொடுப்பவருக்கு வெகுமதி என்று அறிவித்தார்கள். நேற்று வரை அவர் உத்தரவுக்கு நடுங்கிய உத்தியோகஸ்தர்கள் இன்று அவரைத் தேடி அலைந்தார்கள்.

கிளிமானூரில்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்தில் கிளிமானூர் இருக்கிறது. அங்கே ஓர் அரண்மனை. அந்தக் குடும்பம் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்துக்குச் சம்பந்த வழி. மார்த்தாண்ட வர்மாவின் தகப்பனார் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

ஓடிப்போகும் வழியில் வேலுத்தம்பி கிளிமானூர் அரண்மனைக்குப் போனார். தம்முடைய வாளை அவர்களிடம் கொடுத்தார். பிறகு வடக்கே நடந்தார்.

வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொள்வானா, கொடுத்துவிடுவானா? இவர் கொடுத்துவிட்டார். முடிவு நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாம் பிடிபட்டாலும் தம் வாள் கம்பெனிக்காரன் கைக்குப் போகக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வாங்கிக்கொண்டவர்களின் நிலைமையையும் பார்க்கவேண்டும். ராஜத் துரோகி என்று விளம்பரம் செய்யப்பட்ட ஆளின் வாள் அது. அது வீட்டில் இருப்பது தெரிந்தால் என்ன ஆகும்? அரண்மனை போகும். நிலம் போகும். உயிரே போனாலும் போகும். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மண்ணடி கோவிலில்

வேலுத்தம்பி கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் மண்ணடி. அடூருக்குப் பக்கத்தில் கல்லடை ஆற்றங்கரை ஊர். அங்கே ஒரு பகவதி கோவில். அண்ணனும் தம்பியும் அந்தக் கோவிலில் ஒளிந்திருந்தார்கள்.

அவருடைய வேலைக்காரன் ஒருவன் பிடிபட்டதால் இடம் தெரிந்துபோனது என்று சொல்வார்கள். ஆட்கள் கோவிலைச் சூழ்ந்துகொண்டார்கள். தப்ப வழி இல்லை.

உயிரோடு பிடிபட வேலுத்தம்பி விரும்பவில்லை. தம்மை வெட்டிவிடும்படி தம்பியிடம் சொன்னார். அண்ணனை வெட்டத் தம்பிக்குக் கை வருமா? மறுத்தார். வேலுத்தம்பி தம் மார்பில் தாமே கத்தியைப் பாய்ச்சிக்கொண்டார். உயிர் சீக்கிரம் பிரியவில்லை. கழுத்தை வெட்டும்படி மறுபடியும் கேட்டுக்கொண்டார். தம்பி கண்ணீரோடு அதைச் செய்தார்.

1809 மார்ச் மாதக் கடைசி அது. வேலுத்தம்பிக்கு 44 வயது நிறையவில்லை.

செத்த உடலுக்குத் தண்டனை

கதை அதோடு முடியவில்லை. அவருடைய உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணம்மூலை என்ற இடத்தில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். செத்தவரை மறுபடியும் தூக்கில் போடுவது! கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே இந்தக் காரியத்தைக் கண்டித்தார். மனிதத் தன்மைக்கு ஒவ்வாதது என்பது அவர் அபிப்பிராயம்.

தம்பி பத்மநாபனைக் கொல்லத்தில் தூக்கில் போட்டார்கள். தலக்குளத்து வீட்டை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். வீடு இருந்த இடத்தில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். உறவினர்கள் அடிபட்டார்கள். நாடு கடத்தப்பட்டார்கள். ஒருவர் செய்த போருக்கு ஒரு குடும்பமே விலை கொடுத்தது.

பாலியத்து அச்சனும் தப்பவில்லை. அவரை நாடு கடத்தினார்கள். தூரதேசமான காசியில் அவர் உயிர் பிரிந்தது. உம்மிணித்தம்பியின் பதவியும் நீடிக்கவில்லை. 1811-ல் அவர் விலக்கப்பட்டார். அந்த நாற்காலியில் கர்னல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தார். இளம் மகாராஜா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1810-லேயே காலமானார்.

வீட்டுக்குள் ஒரு ரகசியம்

வேலுத்தம்பியின் அடையாளத்தையே துடைத்துவிட நினைத்தார்கள். வீடு போனது. குடும்பம் போனது. உடலும் போனது. மிஞ்சியது அந்த வாள் ஒன்றுதான்.

கிளிமானூரில் அது பத்திரமாக இருந்தது. அங்கே சொத்து மருமக்கள் தாய வழியில் போகும். மகனுக்கு அல்ல, தாய் வழி வாரிசுக்கு. அந்த முறைப்படி தலைமுறை மாற மாற, வாளும் பொறுப்பு மாறி வந்தது.

அதே அரண்மனையில் 1848-ல் ஒரு குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் லட்சுமி, சரஸ்வதி படங்களை வரைந்து நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் மாட்டவைத்த ரவி வர்மாதான் அந்தக் குழந்தை. அவர் பிறந்தபோது அந்த வாள் அவர் வீட்டுக்கு வந்து 39 வருஷம் ஆகியிருந்தது. ரவி வர்மாவின் படங்களை உலகம் பார்த்தது. வாளை உலகம் பார்க்கவில்லை.

மகாராஜாக்கள் மாறினார்கள். கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது. ராணி ஆட்சியும் போய் 1947-ல் சுதந்திரம் வந்தது. 1956 நவம்பர் 1-ந்தேதி கேரளம் தனி ராஜ்யம் ஆனது. அதே நாளில் தலக்குளமும் நாஞ்சில் நாடும் அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. வேலுத்தம்பி பிறந்த ஊர் தமிழ்நாட்டில். இறந்த ஊர் கேரளத்தில்.

1957-ம் ஆண்டு, கிளிமானூர் குடும்பத்தார் அந்த வாளை வெளியே எடுத்தார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த ராஜேந்திர பிரசாத்திடம் ஒப்படைத்தார்கள். சிப்பாய்ப் புரட்சி நடந்து 100 வருஷம் ஆன ஆண்டு அது. அந்தப் புரட்சிக்கு 48 வருஷம் முன்பே வேலுத்தம்பி போர் தொடுத்துவிட்டார் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

வாள் டெல்லி தேசிய மியூசியத்துக்குப் போனது. பல வருஷம் அங்கே இருந்தது. பிறகு 2010 ஜுன் 20-ந்தேதி திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. அதே வருஷம் மே 6-ந்தேதி, வேலுத்தம்பி பிறந்த நாளில், இந்திய சர்க்கார் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் அவருக்குச் சிலை நிற்கிறது. மண்ணடியில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

எது பெரிது?

வேலுத்தம்பி குறை இல்லாத மனிதர் அல்ல. கொடிய தண்டனை கொடுத்தார். கம்பெனியைத் துணைக்கு அழைத்தவரும் அவர்தான். ஆனால் செய்த பிழையை அறிந்ததும், அதைத் திருத்த உயிரைக் கொடுத்தார். கடைசியில் பழியை மற்றவர் மீது போடவில்லை.

வாளைக் காப்பாற்றிய குடும்பத்தார் போருக்குப் போனவர்கள் அல்ல. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று. ஒருவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருளை, அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்த பிறகும், தங்கள் பொருளாக நினைக்காமல் வைத்திருந்தார்கள். உரியவர் வந்து கேட்கவில்லை. உரியவரின் வாரிசும் வரவில்லை. கடைசியில் நாடே வாரிசு என்று முடிவு செய்து, நாட்டிடம் கொடுத்தார்கள்.

கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு எத்தனையோ வேலையாகப் போய் வருகிறார்கள். அடுத்த தடவை போகும்போது, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மியூசியத்துப் பக்கம் போகலாம். நம் ஊர்க்காரர் ஒருவர் அவசரமாகக் கொடுத்துவிட்டுப் போன வாள் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.